பூச்சி உட்கார்ந்த இடமெல்லாம்

பிப்ரவரி 11

மாமாவுக்கு,

நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். அக்காவும் எடுக்கவில்லை. அதனால் இந்தப் பெட்டிக்குள் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். பெட்டி உங்கள் கிடங்கு மேனேஜர் ஆர்டர் கொடுத்து எங்கள் கம்பெனி அனுப்புவது. நான் கெஞ்சி அனுப்பவில்லை. அங்கே பூச்சிமருந்து அடிக்கிறவர் நீங்கள் என்பதால் இந்த வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் வேலை. உள்ளே கூடாரம் மாதிரி மடித்த அட்டைப் பொறிகள் இருக்கின்றன. அடித்தட்டில் பசை. தனி உறையில் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள். பெண் அந்துப்பூச்சி ஆணைக் கூப்பிட ஒரு வாசனை விடும். அதை நாங்கள் லேபில் செய்து அந்த ரப்பரில் ஏற்றியிருக்கிறோம். உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் மணக்காது. ஆண் பூச்சிக்கு மட்டும் மணக்கும். பெண் இருக்கிறாள் என்று நம்பி வந்து பசையில் மாட்டிக்கொள்ளும். ஆண் குறைந்தால் முட்டை குறையும், மாவு மூட்டையில் புழு குறையும், நீங்கள் அடிக்கிற மருந்தும் குறையும். வரிசைக்கு நாலு பொறி, தோள் உயரத்தில். வாரம் ஒரு தடவை எத்தனை விழுந்தது என்று எழுதி அனுப்புங்கள். ரப்பரைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது விஷம் இல்லை. ஆனாலும் வெறும் கையால் தொடாதீர்கள்.

இப்போது வீடு. அக்காவுக்கு ஏப்ரல் முதல் வாரம் ஆபரேஷன் என்று அம்மா சொன்னாள். வயிற்றில் துளை போட்டு உள்ளே பார்க்கப் போகிறார்களாம். குழந்தைக்காக மூன்று வருடமாக அவளுக்கு ஊசி, ஸ்கேன், மாத்திரை. எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இதுவரை ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை.

போன மாதம் அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னது இவ்வளவுதான். சித்தி அக்காவைப் பார்த்து “உன் உடம்புல என்னதான் கோளாறோ” என்றாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் நான் வாயைத் திறந்தேன். “கோளாறு மருந்தடிக்கிறவர்கிட்ட இருக்கலாம், முதல்ல அவரைப் பாருங்க” என்றேன். அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். சொன்ன விஷயம் தப்பில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டெஸ்ட் எடுங்கள்.

மச்சான்


பிப்ரவரி 20

மச்சான் விஞ்ஞானிக்கு,

உன் பெட்டி வந்துது. கடிதமும் வந்துது. ரெண்டையும் மேனேஜர் முன்னாடிதான் பிரிச்சேன். நல்லவேளை, அவர் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்திருந்தார்.

பொறியெல்லாம் மாட்டியாச்சு. நீ சொன்ன உயரம், நீ சொன்ன வரிசை. ரப்பர்னு நீ பெரிசா எழுதினதைப் பார்த்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கிற அழிப்பான் மாதிரி இருக்கு. மோந்து பார்த்தேன், ஒண்ணும் இல்லை. மேல்சட்டைப் பையில கொட்டிக்கிட்டு ஏணியில ஏறி ஒவ்வொண்ணா வச்சேன். கையுறை போட்டுக்கிட்டு அந்தச் சின்னச் சாமானை எடுக்க முடியுமா? நீ எப்பவாவது ஏணி ஏறியிருக்கியா?

பதினாலு வருஷமா மருந்து அடிக்கிறேன். முதுகுல தொட்டி, கையில குழாய், மூக்குல ஒரு துணி. ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்லை. வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுவேன், எல்லாம் அங்கேயே போயிடும். ஒண்ணும் ஒட்டாது. உன் அழிப்பானுக்குப் பயப்படற ஆளா நான்?

பூச்சிக் கணக்கு கீழே எழுதியிருக்கேன். நடு வரிசையில ஒண்ணுமே விழலை. உன் பெண் வாசனை எங்க பசங்களுக்குப் பிடிக்கலை போல. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லை. உன் பொறி ஜெயிச்சா மருந்தடிக்கிறவன் எதுக்குன்னு நாளைக்கு மேனேஜர் கேப்பார். அப்ப நீ எனக்குச் சோறு போடுவியா?

ரெண்டாவது விஷயத்தைப் பத்தி நீ இனிமே எழுதாதே. அன்னிக்கு அந்த மேஜையில நீ என்னை எவ்வளவு சின்னவனா ஆக்கினேன்னு உனக்குத் தெரியாது. உங்க அப்பா அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசலை. உன் அக்கா வழி நெடுக ஒரு வார்த்தை பேசலை. அவ உன் போனை எடுக்காததுக்கு நான் காரணம் இல்லை. நீயே சம்பாதிச்சது.

உன் அக்கா புருஷன்


பிப்ரவரி 26

மாமாவுக்கு,

உங்கள் கணக்கைப் பார்த்தேன். ஓரத்து வரிசைகளில் பூச்சி விழுகிறது. நடு வரிசையில் பூஜ்யம். அப்படி வராது. பூச்சி ஓரம் நடு என்று பார்ப்பதில்லை. நேராகக் கேட்கிறேன்: நடு வரிசைப் பொறிகளை நீங்கள் கழற்றிவிட்டீர்களா? வேலை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம், படிக்காமல் இருக்க உங்களால் முடியாது.

நீங்கள் அடிக்கிற மருந்து பூச்சியின் நரம்பைக் கொல்வது. அந்த வகை மருந்துகள் ஆணின் உடம்பில் என்ன செய்கின்றன என்று நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். தலைவலி வராது. காய்ச்சல் வராது. ஆள் மாடு மாதிரி வேலை செய்வான். விதைப்பையில் விந்தணு உருவாவது மட்டும் குறையும், இல்லை, உருவானது கோணலாக இருக்கும். எல்லாருக்கும் ஆவதில்லை. உங்களுக்கு ஆகியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுதான் என் பேச்சு. இதில் ஆம்பிளைத்தனம் எங்கே வந்தது? கண்ணில் தூசி விழுந்தால் கண் டாக்டரிடம் போகிறீர்கள்.

உங்கள் டெஸ்ட் என்பது ஒரு அறை, ஒரு கிண்ணம். அக்காவின் டெஸ்ட் என்பது மயக்க மருந்து, கத்தி, மூன்று தையல். இரண்டில் எது முதலில் நடக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

நடு வரிசைக்குப் பதில் எழுதுங்கள்.

மச்சான்


மார்ச் 6

மச்சான்,

நான் பொறியைக் கழற்றலை. திருடன்னு சொல்லிட்டே, சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப நீ ஒண்ணு சொல்லு. என்ன எழவை எனக்கு அனுப்பித் தொலைச்சே?

பூச்சி என் பின்னாடி வருது.

விளையாட்டு இல்லை. முதல்ல கிடங்குல ரெண்டு மூணு தலையைச் சுத்திச்சு. கிடங்குன்னா பூச்சி இருக்கும், விட்டுட்டேன். மூட்டை தூக்கற நெட்டையன்தான் முதல்ல கவனிச்சான். “அண்ணே, எங்க மேலெல்லாம் உக்காரலை. உங்களுக்கு மட்டும் ஏன் வரிசையில நிக்குது?”ன்னான். எல்லாம் ஆண் பூச்சின்னு மேனேஜர் வேற விளக்கம் கொடுத்துட்டார். அன்னியிலிருந்து கிடங்குல என் பேரு புதுப்பொண்ணு. “புதுப்பொண்ணு வந்துட்டாங்க, வழி விடுங்கடா”ன்னு நெட்டையன் கத்தறான், மாப்பிள்ளைங்க பறந்து வர்றாங்க. முடிவெட்டப் போனேன். நாற்காலியில உக்காந்ததும் சட்டை மடிப்புலேர்ந்து ஒண்ணு கிளம்பி என் காதோரம் ஆடுது. கடைக்காரன் கத்திரியைக் கீழே வச்சுட்டு என்னைப் பார்க்கறான்.

வீடு கிடங்குக்குப் பின்சந்துதான், உனக்குத் தெரியும். ஜன்னல் வழியா வருதுங்க. வந்து சும்மா விளக்கைச் சுத்தினா பரவாயில்லை. இதுங்க இடம் பார்த்து உக்காருதுங்க. கதவுத் தாழ்ப்பாள்ல. தண்ணிச் செம்போட பிடியில. என் சீப்புல. துண்டுல. துவைச்ச துண்டு, மச்சான்! என் தலையணையில, சரி, அது என் தலை. அவ தலையணையிலயும் நாலு.

நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வந்தோம். ரோட்டைத் தாண்டறப்ப அவ மணிக்கட்டைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவ மாவு சலிச்சிட்டு இருந்தா. ஒரு பூச்சி வந்து அவ மணிக்கட்டைச் சுத்திச் சுத்திப் பறக்குது. நான் பிடிச்ச இடம், அவ்வளவுதான். முழங்கைக்குப் போகலை, விரலுக்குப் போகலை. வளையம் போட்ட மாதிரி அங்கேயே சுத்துது.

அவ சிரிச்சா. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை.

இது போக என்ன பண்ணணும்? சோப்பு போட்டாச்சு, எலுமிச்சை தேச்சாச்சு, மண்ணெண்ணெய்கூடப் போட்டுப் பார்த்தாச்சு. சீக்கிரம் எழுது.

மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

மண்ணெண்ணெய் போடாதீர்கள். தோல் போகும், வாசனை போகாது.

இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. எங்கள் லேபில் ஒரு சீனியர் புதிதில் கையுறை போடாமல் வேலை செய்துவிட்டு வருடக்கணக்கில் பூச்சியோடு நடந்தார். நீங்கள் ரப்பரைப் பையில் கொட்டி வைத்திருக்கிறீர்கள், வெறும் விரலால் எடுத்திருக்கிறீர்கள். வாசனை ஒரு எண்ணெய் மாதிரி. விரலில் ஏறியது, விரல் தொட்டதில் எல்லாம் ஏறியது. தண்ணீரில் போகாது. அதுவாகக் கரைந்து போக மாதக்கணக்கில் ஆகும். அதனால் உங்களுக்கோ அக்காவுக்கோ ஒரு கெடுதலும் இல்லை.

நடு வரிசை பூஜ்யமானதற்கும் இப்போது காரணம் தெரிகிறது. வேலைச் சட்டையை எங்கே மாட்டுவீர்கள்? நடு வரிசைத் தூணில்தானே? பையில் அத்தனை ரப்பரும் கிடந்த சட்டை. பொறியை விட உங்கள் சட்டை பெரிய பெண். பூச்சி எல்லாம் அங்கே போயிருக்கிறது. நீங்கள் கழற்றினீர்கள் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

கை கழுவினால் எல்லாம் போய்விடும், ஒன்றும் ஒட்டாது என்று எழுதியிருந்தீர்கள். தாழ்ப்பாள், செம்பு, சீப்பு, துவைத்த துண்டு, அக்காவின் தலையணை, அக்காவின் மணிக்கட்டு. இந்தப் பட்டியலை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதினீர்கள். கிடங்கில் தொட்டது வீட்டில் எங்கெல்லாம் போகிறது என்று பூச்சி உங்களுக்கு வீடு முழுக்கப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறது. அதே கை, அதே சட்டை, பதினாலு வருடம் மருந்தையும் தொட்டது. வாசனையைக் காட்டிக்கொடுக்கப் பூச்சி இருக்கிறது. மருந்தைக் காட்டிக்கொடுக்க எதுவும் பறந்து வராது.

ஆபரேஷனுக்கு நான்கு வாரம்கூட இல்லை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மச்சான்


மார்ச் 24

மச்சான்,

உன் கடிதம் வந்த அன்னிக்கு உன் மேல கோபமாத்தான் படுத்தேன். காலையில எழுந்து பார்த்தா அவ தூங்கிட்டு இருக்கா. கன்னத்துக்குக் கீழே தலையணை. தலையணை விளிம்புல ஒரு பூச்சி, அவ மூச்சு பட்டு இறக்கை ஆடுது. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அது வாசனைதான், ஒண்ணும் பண்ணாதுன்னு நீ எழுதியிருக்கே. ஆனா வாசனை வர்றதுக்கு முந்தி அங்க என்ன இருந்துது? அவ அதுமேல எத்தனை வருஷம் கன்னத்தை வச்சுப் படுத்தா?

போனேன். யாருகிட்டயும் சொல்லலை. பல் டாக்டர்கிட்ட போறேன்னு மேனேஜர்கிட்ட பொய் சொன்னேன்.

அந்த இடத்துல ஒரு நர்ஸ். உன் வயசுதான் இருக்கும், உன்னை மாதிரியே பேசுது. “பேரு, வயசு, வேலை”ன்னு கேட்டுச்சு. வேலை சொன்னேன். எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்துச்சு. “எத்தனை வருஷமா?”ன்னு கேட்டுச்சு. சொன்னேன். “முன்னாடியே வந்திருக்கலாமே சார்”னுச்சு. அவ்வளவுதான், திட்டலை. கிண்ணத்தைக் கொடுத்துச்சு.

அந்த அறையைப் பத்தி உன்கிட்ட எழுதறது எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா சொல்லியே ஆகணும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத் திரும்பறேன், கிடங்குலேர்ந்து சட்டைக் காலருக்குள்ளேயே ஒட்டிக்கிட்டு வந்தது ஒண்ணு வெளியே வந்து என் மூக்குக்கு நேரா ஆடுது. அவனுக்கு என் மேல ஆசை. எனக்கோ அவசரம். வெளியே நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. “போடா, நான் உன் ஆள் இல்லை”ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். வெளியே யாரோ செருமினாங்க. அதுக்கப்புறம் கிண்ணத்துல பேரை எழுதறதுக்குப் பதிலா மூடியில எழுதிட்டேன்னு நர்ஸ் திருப்பி அனுப்புச்சு. மூடி மாறிட்டா என் பிள்ளை யாரோடதோ ஆயிடுமாம். எல்லார் முன்னாடியும் சொல்லுச்சு. உன்னை மாதிரியேதான்.

முடிவு வந்துது. இருக்கவேண்டியதுல கால்வாசிகூட இல்லை. இருக்கறதுலயும் பாதி ஓடலை. மருந்தாலதான்னு எழுதித் தர முடியாதுன்னார் டாக்டர். ஆனா மருந்து இருக்கற இடத்துல இனிமே நிக்காதீங்கன்னார். நின்னா இருக்கறதும் போகும், விலகினா திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்னு சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவகிட்ட காகிதத்தைக் கொடுத்தேன். அழுவான்னு நினைச்சேன். கத்துவான்னு நினைச்சேன். ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் கேட்டா: “ஏன் தனியா போனீங்க?”

மூணு வருஷமா அவ தனியாத்தான் போனா. பஸ்ல போயிட்டு பஸ்ல வந்தா. ஒவ்வொரு தடவையும் அங்க டாக்டர் “உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கே”ன்னு கேட்டிருக்காங்க. “அவர் வெளியூர் போயிருக்கார்”னு சொல்லிட்டு வந்திருக்கா. நேத்துதான் சொன்னா. மூணு வருஷமா நான் வெளியூர்லயே இருந்திருக்கேன் மச்சான். எந்த ஊர்னுதான் தெரியலை.

என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ஆபரேஷன் இப்ப வேண்டாம்னு அவ டாக்டரே சொல்லிட்டாங்க.

உங்க வீட்டுல இதை நான்தான் சொல்லுவேன். அதே மேஜையில. அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. இது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கறேன்.

மாமா


மார்ச் 28

மாமாவுக்கு,

வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் ஏன் நின்றது என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். பல்வலி என்று சொல்லிவிட்டேன். பல் டாக்டர் நம் இரண்டு பேருக்கும் உதவுகிறார்.

அக்கா போன் செய்தாள். முதல் பத்து நிமிடம் திட்டினாள். “உனக்கு எல்லாம் தெரியும், எங்க சொல்லணும்னு மட்டும் தெரியாது” என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

செய்ய வேண்டியது: மருந்துத் தொட்டியைத் தொடக் கூடாது. வேலைத் துணி வீட்டுக்கு வரக் கூடாது, கிடங்கிலேயே துவைக்க வேண்டும். பழைய தலையணை, துண்டு, சீப்பு எல்லாம் வெளியே. தொட்டியை வைத்திருக்கிற அறைக்குள் சும்மா போய் நிற்பதும் வேண்டாம். புகை, சாராயம், வெந்நீர்த் தொட்டிக் குளியல் வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் நாளைக்கே டெஸ்ட் எடுத்துப் பார்க்காதீர்கள், மனசு உடையும். ஜூலையில் எடுங்கள்.

திரும்ப வருமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. பொய் சொல்ல விருப்பமில்லை. வந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்லப் போகிறீர்கள்? நான் பேசட்டுமா? போனை எடுங்கள், எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

அந்த அறையில் உங்கள் முன் ஆடிய பூச்சியைப் பற்றி லேபில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடம் மட்டும்.

மச்சான்


ஏப்ரல் 30

மச்சான்,

நீ மேனேஜர்கிட்ட பேச வேண்டாம். நீ பேசினா எனக்கு இருக்கற வேலையும் போகும். போன்லயும் வேண்டாம். போன்ல நான் ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா அதை நீ முடிப்பே. கடிதத்துலதான் என்னை முழுசாப் பேச விடறே.

நடந்ததைக் கேளு. ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “முழுக் கிடங்கும் ஒரு தடவை நல்லா அடிச்சுடு”ன்னார். அடிக்க மாட்டேன் சார்னேன். காரணம் சொன்னேன், மச்சான். அவர் மேஜைக்கு முன்னாடி நின்னு, நெட்டையன் கதவுப் பக்கம் நிக்கறப்பவே சொன்னேன். நெட்டையன் சிரிக்கலை. அவனும் அந்த மூட்டையைத்தானே தோள்ல போட்டுத் தூக்கறான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் சங்கடப்பட்டார். அப்புறம் சொன்னார்: “அதெல்லாம் சும்மா பயம். சோப்பு போட்டுக் கழுவினா போயிடும். என்ன ஒட்டப் போகுது?”

அது பதினாலு வருஷமா நான் பேசின வசனம். இன்னொருத்தர் வாயில கேட்டப்பதான் அது எப்படி இருக்குன்னு தெரிஞ்சுது.

பொறிக்குப் புது ரப்பர் மாத்தற நாள் அது. “சார், இதைக் கொஞ்சம் பிடிங்க, கையுறை மாட்டிக்கறேன்”ன்னு ஒரு ரப்பரை அவர் உள்ளங்கையில வச்சேன். பிடிச்சார். கையுறையை மெதுவா மாட்டினேன், ஒவ்வொரு விரலா. வாங்கிக்கிட்டு, “கையைக் கழுவிடுங்க சார், சோப்பு போட்டு”ன்னேன். கழுவினார். நான் பார்த்தேன், நல்லாத்தான் கழுவினார்.

நீ இங்க திட்டுவேன்னு தெரியும். படிச்சு முடி.

மறுநாள் அவர் போன்ல ஒண்ணு. நாற்காலிக் கைப்பிடியில ரெண்டு. கண்ணாடிக் காம்புல ஒண்ணு உக்காந்து அவர் கூடவே கணக்குப் பார்க்குது. கார் கதவுல வேற. “என்னய்யா இது, உன் சம்பந்தக்காரங்க எல்லாம் என்கிட்ட வர்றாங்க”ன்னு சிரிச்சார். மூணாம் நாள் என்னைக் கூப்பிட்டார். சிரிக்கலை. அவர் மேஜைக்கு எதிர்ச்சுவர்ல அவர் பொண்ணு வரைஞ்ச படம் ஒண்ணு ஒட்டியிருக்கும். வீடு, சூரியன், மூணு பேர். அந்தப் படத்துல பூச்சி உக்காந்திருந்துது. கீழ் மூலையில, அந்தக் குழந்தை பேர் எழுதின இடத்துல. தினம் வேலைக்கு வந்ததும் அதை ஒரு தடவை விரலால தொடுவாராம். யாருக்கும் தெரியாதாம்.

“சார், இது வெறும் வாசனை, ஒண்ணும் பண்ணாது”ன்னேன். “நான் என் வீட்டுக்குக் கொண்டுபோனது இது இல்லை”ன்னேன்.

அப்புறம் உன் கம்பெனிக்குப் போன் போட்டார். கிடங்கு முழுக்கப் பொறி. மருந்து அடிச்சே தீரணும்னா வெளியேர்ந்து முழு உடுப்போட ஆள் வரணும், மூட்டை தூக்கறவங்க அன்னிக்கு உள்ளே வரக் கூடாது. துணி துவைக்கக் கிடங்குலயே ஒரு இயந்திரம். பொறிக்கெல்லாம் பொறுப்பு நான். தொட்டி அறைச் சாவியைக் கழற்றி அவர் மேஜையில வச்சுட்டு வந்தேன்.

புதுப்பொண்ணுங்கற பேரை மட்டும் மாத்த முடியலை. மேனேஜருக்கு வச்சிருக்கற பேரு மாமியார்.

மாமா


மே 4

மாமாவுக்கு,

விஷயம் தெரியாத ஆளின் கையில் சொல்லாமல் எதையும் வைக்கக் கூடாது. அது வாசனையாக இருந்தாலும். இது எங்கள் தொழிலின் முதல் விதி. பதினாலு வருடம் உங்கள் கையில் மருந்தைச் சொல்லாமல் வைத்தவர்கள் செய்ததும் அதுதான். அடுத்த கடிதத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதுங்கள்.

திட்டி முடித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். லேபில் சத்தமாகவும் படித்தேன், சில வரிகளை விட்டுவிட்டு. எங்கள் சீனியர், பூச்சியோடு நடந்தவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா புருஷன் என்று சொன்னேன். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன்.

மச்சான்


ஜூலை 19

மச்சான்,

மேனேஜர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். தெரிஞ்சேதான் கை நீட்டினேன்னார். பொய். ஆனா விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குப் போனோம். நீ வரமுடியாதுன்னு சொல்லிட்டே, அதுவும் நல்லதுக்குத்தான். அதே மேஜை, அதே ஆளுங்க. உங்க சித்தி ஆரம்பிக்கறதுக்கு முந்தியே நான் ஆரம்பிச்சேன். “குறை என்கிட்ட இருக்கு. அவகிட்ட ஒண்ணும் இல்லை. மூணு வருஷம் அவ எனக்காகப் பேச்சு வாங்கினா. இனிமே யாராவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க”ன்னேன். கரண்டியைக் கீழே வச்சுட்டுத்தான் பேசினேன். உன் அக்கா மேஜைக்கு அடியில என் பாதத்து மேல பாதத்தை வச்சா. உங்க அப்பா கொஞ்சம் கழிச்சு, “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடு”ன்னார் உங்க அம்மாகிட்ட. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சித்தி தட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

நேத்து ரெண்டாவது ரிப்போர்ட் வந்துது. ஏறியிருக்கு. வேண்டிய அளவுக்கு இன்னும் வரலை, ஆனா பாதியைத் தாண்டியிருக்கு. ஓடறதும் முன்னைவிட அதிகம். டாக்டர் சிரிச்சார், ஆனா ஒண்ணும் வாக்குக் கொடுக்கலை. இன்னும் மூணு மாசம் பார்ப்போம்னார். நானும் உனக்கு ஒண்ணும் வாக்குக் கொடுக்கலை.

பூச்சியைப் பத்தி உன் அக்காகிட்ட கேட்டியாமே. முதல்ல துண்டுல நின்னுது. அப்புறம் செம்புல. தாழ்ப்பாள்ல ரொம்ப நாள் வந்துக்கிட்டு இருந்துது, அதுவும் நின்னுது. தலையணையை நீ தூக்கிப் போடச் சொன்னே. அவ விடலை. உறையை மாத்திட்டு, உள்ளே இருக்கற பஞ்சையும் மாத்திட்டு, பழைய அளவுக்கே தைச்சு வச்சிருக்கா. நானும் அவளும் தினம் காலையில அதைத்தான் முதல்ல பார்க்கறோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதில்லை, ஆனா பார்க்கறோம். ஒண்ணும் உக்காரலை. வீட்டுக்குள்ள இப்ப எங்கயும் உக்காரலை. என்னைத் தேடி மட்டும் எப்பவாவது ஒருத்தன் ஜன்னல்ல வந்து நிக்கறான். அவ எழுந்துபோய், “அவர் வெளியூர் போயிருக்கார்”னு சொல்லி ஜன்னலைச் சாத்தறா.

அக்டோபர்ல திரும்ப டெஸ்ட். இந்தத் தடவை ரெண்டு பேரும் போறோம். கிண்ணத்துல பேரை அவளே எழுதித் தர்றாளாம். மூடியில இல்லை, கிண்ணத்துல. என்னை நம்பி விட முடியாதாம்.

மாமா